சரவாங்கி மாத்திரை பாதியில் நிற்காமல் இருக்க: வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒருவருக்கு முடக்குவாதம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஊர்ப்பக்கம் சரவாங்கி என்பார்கள், ஆஸ்பத்திரியில் ஆர்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கையில் ஒரு சீட்டு, பையில் நாலைந்து வகை மாத்திரை. சாப்பிடப்போவது அவர்தான் என்றாலும், அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் வேலை உங்களிடம் வந்திருக்கிறது. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் சித்திக்கு இந்த நோய். அவரோடு ஓ.பி. வரிசையில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவர்களிடம் பேசிப் பேசி ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. மருந்தை விட்டவர்கள் எல்லா மருந்தையும் விடுவதில்லை. வலி மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிடுகிறார்கள். நோயை அடக்குகிற மாத்திரைதான் நின்றுபோகிறது. அதுவும் பலருக்கு மறதியால் இல்லை, ஏதோ ஒரு காரணத்தை மனதில் வைத்து அவர்களே எடுத்த முடிவு அது. அதனால் செல்போனில் அலாரம் வைப்பதும், ஏழு அறை உள்ள மாத்திரை டப்பா வாங்குவதும் இரண்டாம் பட்சம். எந்த மாத்திரை நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

நீண்ட நாள் நோய்க்காரர்களில், வளர்ந்த நாடுகளிலேயே சுமார் பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லியிருக்கிறது. ஆகவே உங்கள் அம்மாவோ மாமனாரோ மருந்தை விட்டால் அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

மாத்திரைகளை மேசையில் பரப்புங்கள்

மூட்டுவலி எல்லாம் ஒன்றில்லை. வயதாக ஆக முழங்கால் தேய்வது மூட்டுத் தேய்மானம். முடக்குவாதம் வேறு. இதில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. விரல் கணு, மணிக்கட்டு, பாதத்தின் சின்ன மூட்டுகள் என்று பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீங்கும். காலையில் எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது, முப்பது நாற்பது வயதிலும் வரும். இங்கே சொல்வதெல்லாம் இந்த நோய்க்கான மருந்துகளைப் பற்றியது. தேய்மானத்துக்கும், யூரிக் ஆசிட் கூடி வருகிற மூட்டுவலிக்கும் மருந்து வேறு, முறையும் வேறு.

சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாத்திரை அட்டைகளை மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் கூட்டம், நோயை அடக்குபவை. மெத்தோட்ரெக்ஸேட், ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின், லெஃப்ளுனமைடு ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ இருக்கும். இவற்றின் வேலை மூட்டு அரித்துப்போகாமல் காப்பது. இவை சாப்பிட்ட அன்றைக்கு எதுவும் தெரியாது. மெத்தோட்ரெக்ஸேட்டின் பலன் தெரிய 6 வாரம் ஆகும், முழுப் பலனுக்கு 12 வாரம்கூட ஆகலாம். ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்கு இரண்டு மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம்.

இரண்டாவது, வலி மாத்திரைகள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சன், எட்டோரிகாக்சிப் போன்றவை. போட்ட சிறிது நேரத்தில் வலி குறையும். ஆனால் எலும்பு அரிப்பதை இவை தடுப்பதில்லை. மாதக்கணக்கில் இஷ்டத்துக்குச் சாப்பிட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் கெடும்.

மூன்றாவது ஸ்டீராய்டு, பெரும்பாலும் பிரெட்னிசோலோன். முதல் கூட்டத்து மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கும்வரை சமாளிப்பதற்காகக் கொடுப்பார்கள், பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள்.

இப்போது நோயாளியின் இடத்திலிருந்து பாருங்கள். ஒரு மாத்திரை போட்டால் வலி உடனே போகிறது. இன்னொன்றைப் போட்டால் அன்றைக்குக் குமட்டல், சோர்வு, நல்லதாக ஒன்றும் தெரியவில்லை. எதை வைத்துக்கொள்வார், எதை விடுவார்? யாராக இருந்தாலும் அந்த முடிவைத்தான் எடுப்பார்கள். ஆகவே முதல் நாளே அவரிடம் இதை விளக்கிச் சொல்லுங்கள். சித்திக்கு நான் சொன்னது இது: மழைக்கு ஒழுகுகிற கூரைக்குக் கீழே வாளி வைக்கிற மாதிரிதான் வலி மாத்திரை. வாரத்துக்கு ஒரு நாள் போடுகிற மெத்தோட்ரெக்ஸேட்தான் உடைந்த ஓடுகளை மாற்றுகிறது, அதற்கு நாளாகும்.

மூன்று கூட்டத்தையும் மூன்று தனித்தனி கவரிலோ சம்படத்திலோ போட்டு, மேலே கொட்டை எழுத்தில் ‘நோய்க்கு’, ‘வலிக்கு’, ‘ஸ்டீராய்டு - திடீர்னு நிறுத்தக்கூடாது’ என்று எழுதி ஒட்டுங்கள். அந்தக் கடைசி எச்சரிக்கை முக்கியம். சில வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் குறைவது என்று ஆபத்தில் போய் முடியும்.

வாரத்துக்கு ஒரு நாள்: இதில் மட்டும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள்

மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடும் மருந்து. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் தினமும் மாத்திரை போட்டுப் பழகிய வீட்டில் இதையும் தினமும் போட்டுவிடுவது எளிதில் நடக்கும். அப்படி நாலைந்து நாள் போட்டாலே வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்தை விடாமல் சாப்பிட வைக்கிறேன் என்று கிளம்புகிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, இந்த ஒன்றை அதிகம் சாப்பிடாமல் காப்பதைத்தான்.

எங்கே தவறு நடக்கும் என்று சொல்கிறேன். மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை பெரும்பாலும் சின்னதாக, மஞ்சளாக இருக்கும். கூடவே கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் பல கம்பெனிகளில் சின்னது, மஞ்சள். மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை கொடுக்கும்போது பெயர் இருந்த பக்கம் கடையிலேயே நின்றுவிடும். வீட்டுக்கு வந்த துண்டைப் பார்த்தால் எது எது என்று கடைக்காரராலேயே சொல்ல முடியாது. அதனால் மெத்தோட்ரெக்ஸேட்டை மட்டும் முழு அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். கத்தரித்துத்தான் தருவேன் என்றால் பெயரும் அளவும் அச்சான பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது அளவு. இந்த மாத்திரை 2.5, 5, 7.5, 10 மில்லிகிராம் என்று பல அளவில் கிடைக்கிறது. ‘வாரம் நாலு மாத்திரை’ என்று பழகிய அம்மா 2.5 மில்லிகிராமில் நாலு போட்டால் 10 மில்லிகிராம். அடுத்த மாதம் வேறு கடையில் 10 மில்லிகிராம் மாத்திரை கொடுத்து, அவர் பழக்கத்தில் நாலு போட்டால் 40. எத்தனை மாத்திரை என்று மனப்பாடம் செய்வதைவிட எத்தனை மில்லிகிராம் என்று மனப்பாடம் செய்ய வைப்பது நல்லது. எப்போதும் ஒரே அளவு மாத்திரையையே வாங்குங்கள், மாறினால் கடையிலேயே நின்று கணக்குப் போடுங்கள்.

கிழமையை எப்படித் தேர்ந்தெடுப்பது? மருத்துவர் சொன்னால் அதுதான். உங்கள் விருப்பத்துக்கு விட்டால், அவருடைய வாரத்தைக் கேட்டுப் பாருங்கள். போட்ட மறுநாள் சிலருக்கு அசதியாக இருக்கும், அதனால் மறுநாள் ஓய்வெடுக்க முடிகிற கிழமை நல்லது. வெறும் வயிற்றோடு விரதம் இருக்கும் நாள் வேண்டாம். வெள்ளிக்கிழமை ஒருவேளைதான் சாப்பிடுவேன் என்பவருக்கு வெள்ளி சரிப்படாது. நோன்பு வைப்பவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் என்று மாற்றிக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிழமை முடிவானதும் சீட்டில் அந்தக் கிழமையின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். ‘வாரம் ஒரு முறை’ என்பதைவிட ‘சனிக்கிழமை மட்டும்’ என்பது குழப்பமே இல்லாத சொல். சுவரில் மாட்டிய தினசரிக் காலண்டரில் வருகிற ரெண்டு மாதச் சனிக்கிழமைத் தாள்களில் பேனாவால் பெரிய வட்டம் போட்டு வையுங்கள். போட்டதும் அந்தத் தாளில் ஒரு டிக். அன்றாடம் தாள் கிழிக்கும் பழக்கம் உள்ள வீட்டில் இதைவிட நல்ல நினைவூட்டல் எனக்குத் தெரியவில்லை. டிக் போட்ட தாளைக் கிழித்ததும் எறியாமல் ஒரு கவரில் சேருங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது உதவும்.

மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினசரி மாத்திரை டப்பாவில் மற்றதோடு சேர்த்துப் போடாதீர்கள், அது தனியாகவே இருக்கட்டும். ஃபோலிக் ஆசிட் எந்த நாளில் என்பது மருத்துவருக்கு மருத்துவர் மாறும். பொதுவாக மெத்தோட்ரெக்ஸேட் போடாத நாளில் கொடுப்பார்கள். குமட்டலையும் வாய்ப்புண்ணையும் குறைப்பது அதுதான், ‘சத்து மாத்திரைதானே’ என்று அதை விட்டுவிடக் கூடாது.

சனிக்கிழமை மறந்துவிட்டால்? இரண்டு நாளுக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொண்டு, அடுத்த வாரம் வழக்கமான கிழமைக்குத் திரும்பலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிட வேண்டியதுதான். விட்டதையும் சேர்த்து அடுத்த வாரம் இரட்டிப்பாகப் போடவே கூடாது.

‘போட்டீங்களா?’ என்று கேட்காதீர்கள்

நான் முதலில் சித்தியிடம் இப்படித்தான் கேட்பேன்: “சித்தி, மாத்திரையெல்லாம் சரியாப் போடுறீங்களா?” பதில், “ம், போடுறேம்ப்பா.” பேச்சு அதோடு முடிந்துவிடும். மருத்துவர் கேட்டாலும் அதே பதில். யாரும் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை. கேள்வியிலேயே பதில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் வேறு மாதிரி கேட்டார். “போன மாசம் நாலு சனிக்கிழமையில எத்தனை விட்டுப்போச்சும்மா? ஒண்ணு ரெண்டு எல்லாருக்கும் விட்டுப்போகும்.” சித்தி தயங்காமல் சொன்னார்: “ரெண்டு வாரம் போடலைம்மா. போட்டா மறுநாள் வாந்தி வர்ற மாதிரியே இருக்கு. ஞாயித்துக்கிழமைதான் பிள்ளைங்க எல்லாம் வீட்ல இருக்கும். அன்னிக்குக் கறி வாசனையே எனக்குப் பிடிக்கலை, எப்படிச் சமைக்கிறது?”

சித்திக்கு மருந்தின் மேல் கோபமில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சமையல்தான் காரணம். செவ்வாய்க்கிழமை ராத்திரி, சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாற்றிக் கொடுத்தார்கள், ஃபோலிக் ஆசிட்டின் அளவையும் மருத்துவர் கூட்டினார். அதன்பிறகு சிரமம் குறைந்தது. குமட்டல் அடங்காதவர்களுக்கு அன்றைய அளவையே இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது, மாத்திரைக்குப் பதில் தோலுக்கடியில் போடும் ஊசியாக மாற்றுவது என்று மருத்துவரிடம் வேறு வழிகளும் உண்டு. ஆனால் விட்டுப்போகிறது என்று அவருக்குத் தெரிந்தால்தானே?

அதனால் கேள்வியை மாற்றுங்கள். விட்டுப்போவது சகஜம் என்று சொல்லிவிட்டு, எத்தனை என்று கேளுங்கள். பிறகு, போடும்போது என்ன தொந்தரவு என்று கேளுங்கள். பதில் வந்ததும் உடனே அறிவுரை சொல்லாதீர்கள். ‘அப்புறம்?’ என்று மட்டும் கேட்டுக் காத்திருங்கள். உண்மையான காரணம் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவதாகத்தான் வெளியே வரும்.

வரக்கூடிய காரணங்களும், ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியதும்

“வலி இல்லையே, இனி எதுக்கு மாத்திரை?” அதிகம் கேட்கிற காரணம் இதுதான். வலி இல்லாதது மருந்து வேலை செய்வதற்கு அடையாளம். நிறுத்தினால் சில வாரமோ சில மாதமோ நன்றாகத்தான் இருக்கும், பிறகு நோய் கிளம்பும். சிக்கல் என்னவென்றால் நிறுத்தியதற்கும் வலி வருவதற்கும் நடுவே இவ்வளவு நாள் இருப்பதால், இரண்டையும் யாரும் முடிச்சுப்போட்டுப் பார்ப்பதில்லை. ‘பனி அதிகம், அதான்’ என்றுவிடுவார்கள். அரித்த எலும்பு பழையபடி ஆகாது என்பதையும், முதல் ஒன்றிரண்டு வருடத்திலேயே அரிப்பு தொடங்கிவிடும் என்பதையும் பயமுறுத்தாமல் சொல்லுங்கள். நோய் நீண்ட நாள் அடங்கியிருந்தால் மருத்துவரே அளவைக் குறைத்துப் பார்ப்பார். குறைக்க ஆசை என்றால் அவரிடம் நேராகக் கேட்கலாம், அதில் தப்பே இல்லை.

“இது கேன்சர் மருந்தாமே?” யாரோ ஒரு பேரன் செல்போனில் தேடிப் படித்துக் காட்டியிருப்பான். அவன் படித்தது பொய்யில்லை. மெத்தோட்ரெக்ஸேட் முதலில் ரத்தப் புற்றுநோய்க்காகத்தான் பயன்பட்டது. ஆனால் புற்றுநோய்க்கு ஒரே தடவையில் ஆயிரக்கணக்கான மில்லிகிராம்கூட ஏற்றுவார்கள். மூட்டுக்குக் கொடுப்பது வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான். அந்த அளவில் இது எதிர்ப்புச் சக்தியின் மூர்க்கத்தைத் தணிக்கிற மருந்து. முடக்குவாதத்துக்கு என்று அமெரிக்காவில் 1988-இலேயே அனுமதி பெற்றுவிட்டது. இன்றும் உலகம் முழுக்க இந்த நோய்க்கு முதலில் எழுதும் மருந்து இதுதான். இன்னொன்றும் சொல்ல எனக்கு ஆசை. இந்த மருந்தை 1940-களில் லெடர்லி ஆய்வகத்தில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் யெல்லப்ரகட சுப்பாராவ். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். சித்தியிடம் இதைச் சொன்னபோது, “நம்ம மெட்ராஸ்ல படிச்சவரா?” என்று மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புள்ளிவிவரத்தைவிட இப்படி ஒரு செய்தி சில சமயம் பயத்தைச் சீக்கிரம் போக்கிவிடும்.

“கண்ணு போயிடுமாம்.” இது ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றிய பயம். விழித்திரையைப் பாதிக்கும் வாய்ப்பு உண்டு, ஆனால் சரியான அளவில் சாப்பிடும்போது அது பல வருடம் கழித்து வருகிற ஆபத்து. ஆரம்பத்தில் ஒரு கண் பரிசோதனை, ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் ஒன்று என்று வைத்துக்கொண்டால் முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்னதாகவே தொடங்கச் சொல்வார்கள். கண் டாக்டரிடம் ‘கண்ணாடி பவர் பார்க்க’ என்று போகாமல், இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லி விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

“சிறுநீர் ஆரஞ்சு நிறமா போகுது.” சல்ஃபாசலசின் சாப்பிட்டால் அப்படித்தான் போகும், பயமில்லை. முதல் நாளே சொல்லிவைத்தால் மாத்திரை நிற்காது.

“சூரணம் சாப்பிடுறேன், அதிலேயே நல்லா இருக்கு.” இங்கே சண்டை பிடித்தால் அடுத்த முறை மறைத்துச் சாப்பிடுவார். வெளியே தடவுகிற தைலத்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விடலாம். உள்ளே சாப்பிடும் பொடி, லேகியம் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: பட்டம் பெற்ற சித்த மருத்துவர் எழுதிக் கொடுத்ததா, பெயர் இல்லாத பொட்டலமா? இரண்டே நாளில் வலி பறந்து, பசி தாங்காமல், முகம் உப்பி வந்தால் அந்தப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். பொட்டலத்தை எறியாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதையும் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்பதால் அவரிடம் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

“புகுந்த வீட்டுக்குத் தெரியாது.” இளம் பெண்களிடம் இந்தக் காரணம் இருக்கும், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கல்யாணத்துக்கு முன் மறைத்த நோய், அலமாரியில் துணிக்கு அடியில் மறைத்த மாத்திரை. மறைத்துச் சாப்பிடும் மருந்து ஒழுங்காக நடக்காது. இதில் இன்னொரு அவசரமும் இருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட்டும் லெஃப்ளுனமைடும் கருவைப் பாதிக்கும். குழந்தைக்குத் திட்டமிடுவதற்குப் பல மாதம் முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போலக் கர்ப்பகாலத்திலும் தொடரக்கூடியவை இருக்கின்றன, அதனால் குழந்தையா மருந்தா என்று தவிக்க வேண்டியதில்லை. ஆனால் இதற்குக் கணவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் அவளுடைய அக்காவோ அம்மாவோ என்றால், மருத்துவர் முன்னால் கணவரை உட்கார வைத்துப் பேச ஏற்பாடு செய்வது எந்த மாத்திரை டப்பாவையும்விடப் பெரிய உதவி.

“காசு.” மெத்தோட்ரெக்ஸேட் விலை மலிவான மருந்துதான். செலவு போகிற வழி வேறு: ரத்தப் பரிசோதனை, பஸ், அன்றைய கூலி. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் வாதநோய்க்கு என்றே தனித் துறை இருக்கிறது. உங்கள் மாவட்டத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எந்தக் கிழமை இந்த ஓ.பி. என்று முதலில் விசாரியுங்கள். வெளியே வாங்குவதென்றால் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் கேட்டுப் பாருங்கள். எல்லாக் கிளையிலும் எல்லா மருந்தும் இருக்காது, போனில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. காசு போதாத மாதத்தில் எதை விடுவது என்று அவரே முடிவெடுக்க விடாதீர்கள். சீட்டைக் காட்டி, எது இல்லாமல் சமாளிக்கலாம் என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

விரலால் பிரிக்க முடியவில்லை

இது சின்ன விஷயம் போலத் தெரியும். மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளைக் குத்தி மாத்திரையை வெளியே தள்ளக் கட்டைவிரலில் பலம் வேண்டும். வீங்கிய விரலுக்கு அது முடியாது. சித்தி கரண்டிக் காம்பால் குத்துவார். மாத்திரை இரண்டாக உடைந்து ஒரு பாதி அடுப்பு மேடைக்குப் பின்னால் போய்விடும், மிச்சப் பாதியைப் போட்டுக்கொண்டு ‘போட்டாச்சு’ என்பார். பகலில் வீட்டில் யாரும் இல்லாதவர்களுக்கு இது தினமும் நடக்கும்.

வாரத்துக்கு ஒரு நாள், நீங்களே தினசரி மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போட்டு வையுங்கள். இறுகலான மூடி வேண்டாம், லேசாகத் திறக்கிற டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள். ஈரக்காற்றில் மாத்திரை கெடும் என்பதால் ஒரு வாரத்துக்கு மேல் பிரித்து வைக்காதீர்கள். பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீடென்றால் எட்டாத உயரத்தில் வையுங்கள். மெத்தோட்ரெக்ஸேட்டை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. வீட்டில் கர்ப்பமாக இருக்கும் பெண் அந்த மாத்திரையைத் தொட்டுப் பிரிக்காமல் இருக்கட்டும்.

நோயை அடக்க மாத்திரையோடு அடலிமுமாப் போன்ற ஊசி மருந்தும் எழுதியிருந்தால், அது ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கதவுத் தட்டும் வேண்டாம், ஃபிரீசரும் வேண்டாம், நடுத்தட்டு சரி.

கையிருப்பு எப்போதும் இரண்டு வாரத்துக்கு இருக்கட்டும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் நல்லது என்ற பேச்சு கிளம்பியதும் கடைகளில் அது காணாமல் போனது, வருடக்கணக்கில் அதைச் சாப்பிட்டு வந்தவர்கள் கடை கடையாக அலைந்தார்கள். தீபாவளி, பொங்கல் விடுமுறைக்கும் மழை வெள்ளத்துக்கும் இதே கணக்குதான்.

நிறுத்த வேண்டிய நேரமும் உண்டு

விடாமல் சாப்பிட வேண்டும் என்பதை வீம்பாக ஆக்கிவிடாதீர்கள். மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவருக்குக் காய்ச்சல், தொண்டைவலி, வாய்ப்புண், காரணமில்லாமல் ரத்தக்கசிவோ தோலில் கன்றலோ, வறட்டு இருமலோடு மூச்சுத்திணறல், கண் மஞ்சளாவது, கடும் வாந்தி பேதி, இவற்றில் எது வந்தாலும் அந்த வார மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலுக்குத் தெருமுனை கிளினிக்குக்குப் போனாலும் ‘மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறார்’ என்று முதலில் சொல்லுங்கள். கோட்ரைமாக்சசோல் என்ற சாதாரண ஆன்டிபயாடிக், செப்ட்ரான் போன்ற பெயரில் வருவது, இதோடு சேர்ந்தால் ரத்த அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். பர்ஸிலும், பஸ் பாஸ் கவரிலும், செல்போன் உறைக்குள்ளும் மருந்தின் பெயர் எழுதிய ஒரு துண்டுச் சீட்டை வைத்துவிடுங்கள். மது கல்லீரலைக் கெடுக்கும். எவ்வளவு குடிக்கலாம் என்று பேரம் பேசாமல் விட்டுவிடுவதுதான் நல்லது.

ரத்தப் பரிசோதனையை மறக்க வேண்டாம். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் முதல் மூன்று மாதத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறையும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளவிலும் பார்க்கச் சொல்வார்கள். ரிப்போர்ட் நன்றாக இருந்தால் அதை அவரிடம் படித்துக் காட்டுங்கள். ‘கல்லீரல் நல்லா இருக்கு சித்தி’ என்ற ஒரு வரி அடுத்த மூன்று மாதத்துக்குத் தெம்பு.

பல் பிடுங்குவது, ஆபரேஷன் என்று வந்தால் மற்ற மருத்துவர் நிறுத்தச் சொன்னாலும், வாதநோய் மருத்துவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்ட பிறகே நிறுத்துங்கள். நிறுத்தினால் எந்தத் தேதியில் மறுபடி தொடங்குவது என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ‘ஆபரேஷனுக்காக நிறுத்தினேன், அப்படியே விட்டுப்போச்சு’ என்பதை வரிசையில் அடிக்கடி கேட்கிறேன்.

மருத்துவரைப் பார்க்கப் போகும் நாள்

வலி கூடியிருக்கிறது, மாத்திரை எல்லாம் சாப்பிடுகிறார் என்று சொன்னால் மருத்துவர் என்ன செய்வார்? மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டி அளவைக் கூட்டுவார், இன்னொரு மருந்தைச் சேர்ப்பார், விலை கூடிய ஊசிக்குப் போகலாமா என்று பேசுவார். உண்மையில் மருந்து வயிற்றுக்குள் போகவே இல்லை என்றால் இத்தனையும் வீண், ஆபத்தும்கூட. கூட்டிய அளவை அவர் வீட்டில் திடீரென்று ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்துவிட்டால் உடம்பு தாங்குமா?

ஆகவே முந்தின நாள் இரவே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். முதல் வரியில், கடந்த முறைக்குப் பிறகு எத்தனை சனிக்கிழமை விட்டுப்போனது, எதனால். காலண்டர் தாள்கள் சேர்த்த கவரிலிருந்து எண்ணிவிடலாம். இரண்டாவது வரியில், வலி மாத்திரை வாரத்துக்கு எத்தனை போகிறது. மூன்றாவதில், காலையில் விரல் மடங்க எவ்வளவு நேரமாகிறது. கடைசியில், வேறு யாரிடமாவது வாங்கிச் சாப்பிடும் மருந்து. எழுதியதை அவரிடம் படித்துக் காட்டி, ‘இதைக் கொடுக்கலாமா’ என்று கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரியாமல் கொடுத்தால் அடுத்த மாதம் உங்களிடம் உண்மையைச் சொல்ல மாட்டார். உள்ளே போனதும் ரிப்போர்ட்டை நீட்டுவதற்கு முன்னால் இந்தத் தாளைக் கொடுங்கள்.